கிளைக்கு ஊர் உண்டு, டேக்குக்கு இல்லை: கிட் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

2005 ஏப்ரல் மாதம். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் லினக்ஸ்காரர்களின் ஆண்டு மாநாடு. மேடையில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். விண்டோஸ் கணினிகளோடு மற்றக் கணினிகளும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்த 'சாம்பா' மென்பொருளைத் தொடங்கியவர் இவர். அந்த நாட்களில் அவர்மீது ஒரு குற்றச்சாட்டு சுமத்தப்பட்டிருந்தது. பிட்கீப்பர் என்கிற வணிக மென்பொருளின் உள்விவகாரத்தைத் துருவி எடுத்துவிட்டார், அதனால் லினக்ஸ் வேலையே நடுத்தெருவுக்கு வந்துவிட்டது என்று. எப்படித் துருவினார் என்பதை அவர் மேடையிலேயே செய்து காட்டினார். டெல்நெட் என்ற பழைய, யாரிடமும் இருக்கக்கூடிய கருவியால் ஒரு பிட்கீப்பர் சர்வரோடு இணைப்புப் போட்டார். 'ஹெல்ப்' என்று தட்டினார். சர்வர் தனக்குத் தெரிந்த கட்டளைகளை வரிசையாகக் காட்டியது. அதில் ஒன்று 'குளோன்'. அதாவது, உன்னிடம் இருக்கிற முழு வரலாற்றையும் எனக்கு ஒரு பிரதி கொடு.

அவ்வளவுதான் ரகசியம்.

இந்தச் சண்டை நிரலுக்காக நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. லினக்ஸின் நிரல் அப்போதும் எல்லோருக்கும் திறந்துதான் கிடந்தது. சண்டை நிரலின் வரலாற்றைப் பற்றியது. எந்த வரியை யார், எப்போது, என்ன காரணம் சொல்லி மாற்றினார்கள், எந்த மாற்றம் எந்த மாற்றத்திலிருந்து பிறந்தது என்ற பதிவு. அந்தப் பதிவை இன்னொருவர் களஞ்சியத்திலிருந்து எடுத்துவர யாருக்கு உரிமை இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியின் வயிற்றில் பிறந்ததுதான் கிட். இன்று உலகத்தின் மென்பொருளில் பெரும்பகுதி அதன்மேல்தான் எழுதப்படுகிறது.

நான் தமிழ் படித்தவன். நிரல் எழுதுபவனில்லை. இருந்தும் இந்தப் பக்கங்களில் இதை எழுதக் காரணம் உண்டு. வரலாறு யார் கையில் இருக்கிறது, அதை யார் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துவந்ததற்கு யார் பெயர் வைப்பது ஆகிய மூன்று கேள்விகளையும் நாம் இலக்கியத்திலும் அரசியலிலும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பொறியாளர்கள் இதே கேள்விகளுக்கு அரை நூற்றாண்டாகக் கருவிகளாலேயே பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பதில்களில் ஒன்று நம் எதிர்பார்ப்பைத் தாண்டியது. இன்னொன்றில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் நானே விழுந்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2

ஒரே கோப்பைப் பலர் திருத்தும்போது யார் திருத்தம் நிற்பது? பழைய பதில் பூட்டு. 1972-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியும், 1982-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி உருவாக்கிய ஆர்.சி.எஸ். கருவியும் ஏறக்குறைய இந்த வழியில் போனவைதான். கோப்பைத் திருத்தப்போகிறவர் அதைப் பூட்டிக்கொள்ள வேண்டும். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கும் புத்தகம் மாதிரி.

1986-இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற விரிவுரையாளர் தன் மாணவர்கள் இரண்டு பேரோடு ஒரு கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். மூவருக்கும் வேலை நேரம் ஒத்துவரவில்லை. பூட்டு வைத்தால் கதை நடக்காது. ஆளாளுக்கு ஒரு பிரதியில் வேலை செய்யலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சில சிறு நிரல்கள் எழுதினார். அதுதான் சி.வி.எஸ். கருவியின் தொடக்கம். நேரம் ஒத்துவராத மூன்று பேரின் சிக்கலிலிருந்து பூட்டில்லாத வேலைமுறை பரவியது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஆனால் சி.வி.எஸ்.ஸிலும், 2000-இல் கொலாப்நெட் நிறுவனம் தொடங்கிய சப்வெர்ஷனிலும் களஞ்சியம் ஒன்றுதான். நம் கையில் இருப்பது இன்றைய பாடம் மட்டும். வரலாறு முழுக்க நடுவில் இருக்கும் சர்வரில். நேற்று யார் என்ன மாற்றினார் என்று தெரிய வேண்டுமென்றால் அங்கே போய்க் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே எழுத அனுமதி வேண்டும். ஒவ்வொரு திட்டத்திலும் எழுத அனுமதி பெற்றவர்கள் ஒரு சாதியாகவும் பெறாதவர்கள் இன்னொரு சாதியாகவும் பிரிந்தார்கள். சாதி என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். இது பிறப்பால் வருவதில்லை என்ற வேறுபாட்டை மறக்கவில்லை. ஆனால் உள்ளே போகக்கூடியவர், வாசலில் நின்று மனுக் கொடுப்பவர் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன? சப்வெர்ஷன் என்ற சொல்லுக்குக் கவிழ்ப்பு என்றும் பொருள். பெயர்தான் கவிழ்ப்பு. மையம் கவிழவில்லை.

3

லினஸ் டோர்வால்ட்ஸுக்கு சி.வி.எஸ். வகையறா பிடிக்காது. 1991-இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது தொடங்கிய லினக்ஸ் கருநிரலை 2002 வரை அவர் எந்தப் பதிப்புக் கருவியிலும் வைக்கவில்லை. மற்றவர்கள் மின்னஞ்சலில் திருத்தங்களை அனுப்புவார்கள், அவர் பார்த்துச் சேர்ப்பார், அவ்வப்போது முழு நிரலையும் ஒரே பொட்டலமாக வெளியிடுவார். திருத்தம் சேர்ந்ததா, தொலைந்ததா என்பதை அடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மனிதரால் இவ்வளவையும் தாங்க முடியவில்லை என்ற முணுமுணுப்பு வளர்ந்தது.

2002-இல் அவர் பிட்கீப்பருக்கு மாறினார். லாரி மெக்வாயின் பிட்மூவர் நிறுவனத்தின் சரக்கு. அதில் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். ஒருவர் களஞ்சியத்திலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். மையச் சர்வர் தேவையில்லை. வேலைமுறை என்ற அளவில் அது பெரிய பாய்ச்சல். ஆனால் சுதந்திர மென்பொருள் எழுதுவோருக்கு அது இலவசமாகக் கிடைத்தது ஒரு நிபந்தனையோடு: இதைப் பயன்படுத்துகிறவர் இதற்குப் போட்டியான கருவி எதையும் உருவாக்கக் கூடாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் போன்றவர்கள் அப்போதே இதை எதிர்த்தார்கள். கருவி நன்றாக இருக்கிறதா என்பதுதான் தனக்கு முக்கியம் என்பது டோர்வால்ட்ஸின் நிலைப்பாடு.

நிபந்தனையின் உட்பொருள் இதுதான். லினக்ஸ் எல்லோருடையது, அதன் வரலாற்றை முழுசாகப் பார்க்க மட்டும் ஒரு தனியார் நிறுவனத்தின் கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடி செய்யக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். ட்ரிட்ஜெல் கையெழுத்துப் போடவில்லை. பிட்கீப்பரைப் பயன்படுத்தவுமில்லை. வெளியே நின்று 'ஹெல்ப்' என்று கேட்டார், கிடைத்த பதிலை வைத்து வரலாற்றை எடுத்துவரும் சிறு கருவி ஒன்றை எழுதினார். மெக்வாய் இலவச ஏற்பாட்டையே ரத்து செய்தார். வேடிக்கை என்னவென்றால் டோர்வால்ட்ஸ் அப்போது குறை சொன்னது மெக்வாயை இல்லை, ட்ரிட்ஜெல்லை.

பின்னாளில், 2016-இல், பிட்கீப்பரும் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதற்குள் அதைத் தேடி வர ஆளில்லை.

4

டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் முதல் வாரத்தில் உட்கார்ந்து தன் கருவியைத் தானே எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7-ஆம் தேதி கிட் தன் சொந்த வரலாற்றையே தன்னுள் பதியத் தொடங்கிவிட்டது. அதே மாதத்தில், அதே நெருக்கடியிலிருந்து, மெர்க்குரியல் என்ற இன்னொரு கருவியும் பிறந்தது. ஜூன் நடுவில் லினக்ஸ் 2.6.12 கிட்டின் துணையோடு வெளியானது. ஜூலை இறுதியில் டோர்வால்ட்ஸ் கிட்டின் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார்.

கிட்டின் அடிப்படை யோசனை எளிமையானது. மோனோடோன் போன்ற முன்னோடிக் கருவிகளிடமிருந்து கற்றது. பதியப்படும் ஒவ்வொரு நிலைக்கும் (இதைக் கமிட் என்கிறார்கள்) நாற்பது இலக்கத்தில் ஒரு பெயர் வரும். அந்தப் பெயரை யாரும் வைப்பதில்லை. உள்ளே இருக்கும் எழுத்துக்களையும், இதற்கு முந்தைய கமிட்டின் பெயரையும், எழுதியவர், நேரம், குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டால் கிடைப்பது. ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும். முன்னோர் மாறினாலும் மாறிவிடும். ஆகவே இரண்டு பேர், உலகத்தின் இரண்டு மூலையில், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே நாற்பது இலக்கத்தை வைத்திருந்தால் இருவர் கையிலும் இருப்பது ஒரே வரலாறு என்று நடைமுறையில் நம்பலாம். நடுவில் நின்று சான்றிதழ் கொடுக்க ஒரு மடமோ பல்கலைக்கழகமோ தேவையில்லை.

ஆனால் லினக்ஸின் கிட் களஞ்சியம் எங்கிருந்து தொடங்குகிறது? 2.6.12-rc2 என்ற நிலையிலிருந்து, 2005 ஏப்ரல் 16-ஆம் தேதியிலிருந்து. முந்தைய வரலாறு கையில் இருந்தும் அதைச் சேர்க்கவில்லை என்று முதல் கமிட்டின் குறிப்பிலேயே டோர்வால்ட்ஸ் எழுதியிருக்கிறார். சேர்த்தால் 3.2 ஜிபி வரும், புதுக் கருவிக்கு அது வீண் சுமை என்பது காரணம். பதினாலு வருஷ உழைப்பு ஒரே கமிட்டாகச் சுருண்டுவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய வரிகளைக் கிட்டிடம் யார் எழுதியது என்று கேட்டால் லினஸ் டோர்வால்ட்ஸ் என்று பதில் வரும். பிட்கீப்பர் காலத்து வரலாற்றைப் பின்னால் வேறு களஞ்சியமாக மீட்டு வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதைத் தேடிப் போய் ஒட்டவைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்?

அந்தக் களஞ்சியத்தில் ஒரு விசித்திரமான டேக் உண்டு. v2.6.11-tree என்று பெயர். துணிக்கடையில் சட்டையில் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி ஒரு சீட்டுத்தான் டேக்: 'இதுதான் இன்ன பதிப்பு'. சாதாரணமாக அது ஒரு கமிட்டைச் சுட்டும். கமிட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் முன்னோர் வருவார்கள். இந்த டேக் எந்தக் கமிட்டையும் சுட்டுவதில்லை. வெறும் கோப்பு அடுக்கு ஒன்றைச் சுட்டுகிறது. கிட் தொடங்குமுன் நடந்தது என்பதால் இதற்குக் கமிட் இல்லை என்று அதன் குறிப்பும் ஒப்புக்கொள்கிறது. முன்னோர் இல்லாத பெயர். இன்றைக்கும் லினக்ஸ் களஞ்சியத்தை முழுசாகப் பிரதி எடுத்தால் அந்த டேக்கும் கூடவே வந்துவிடும். வரலாறு தொடங்கும் இடம் யாரோ ஒருவர் தீர்மானித்த இடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கல்வெட்டு எனக்குத் தெரியாது.

5

இப்போது ஃபெட்ச் விஷயத்துக்கு வருவோம். ஒரு களஞ்சியம் இன்னொன்றிடம் போய் நிற்கிறது. அந்தப் பக்கம் தன்னிடமுள்ள பெயர்களின் பட்டியலை நீட்டுகிறது: இந்தக் கிளை இந்த எண்ணில் நிற்கிறது, இந்த டேக் இந்த எண்ணைச் சுட்டுகிறது. இந்தப் பக்கம் தன்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லி, இல்லாததை மட்டும் வாங்கிக்கொள்கிறது. கிளை என்றால் வளர்ந்துகொண்டே போகும் பாடம், புதுக் கமிட் சேரச் சேர அந்தப் பெயர் முன்னே நகரும். டேக் நகரக் கூடாதது என்பது மரபு.

எடுத்துவந்ததை எங்கே வைப்பது? கிட்டின் ஆரம்ப மாதங்களில் பிறர் கிளைகள் நம் சொந்தக் கிளைகளுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்தன. எது நம்முடையது, எது அவர்களுடையது என்பதை நாமேதான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். 2007 பிப்ரவரியில் வந்த 1.5.0 பதிப்பு இதை மாற்றியது. பிறர் கிளைகளுக்குத் தனி வீடு கொடுத்தது. எங்கிருந்து பிரதி எடுத்தோமோ அந்த இடத்துக்கு 'ஆரிஜின்' என்று வழக்கமான பெயர். அங்கிருந்து வந்த கிளை அந்தப் பெயரை முன்னொட்டாகப் போட்டுக்கொண்டுதான் நிற்கும். நாலு இடத்திலிருந்து எடுத்தால் நாலு முன்னொட்டு. ஒரே பெயரில் நாலு கிளை வந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. என் கிளை என்னுடையதாகவே இருக்கும். உன் கிளையை உன் பெயரோடு வைத்துப் படிக்கலாம், ஒப்பிடலாம். பிடித்திருந்தால் இணைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். பாடபேதங்களை அழிக்காமல் அடுத்தடுத்து வைக்கும் நல்ல பதிப்பாசிரியர் செய்கிற வேலை இது. 'ஆரிஜின்' என்றால் மூலம். ஆனால் கிட்டைப் பொறுத்தவரை மூலம் என்பது ஒரு செல்லப்பெயர், அவ்வளவுதான். விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். மூலம் ஒன்றே என்று சத்தியம் பண்ணும் பண்டிதர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்பார்ப்பைத் தாண்டிய பதில் என்று நான் சொன்னது இது. பிறர் பேச்சைப் பிறர் பேச்சாகவே, பேசியவரின் ஊர்ப்பெயரோடு கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு.

டேக்குக்கு இந்த மரியாதை கிடையாது. எந்த ஊரிலிருந்து வந்தாலும் எல்லா டேக்கும் ஒரே குவியலில்தான் விழும். முன்னொட்டு இல்லை. 2.0 என்றால் 2.0. யார் சொன்ன 2.0 என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. கிளைகளை எடுக்கும்போது அந்தக் கிளை வரலாற்றில் உள்ள கமிட்டுகளைச் சுட்டும் டேக்குகள் கேட்காமலேயே கூட வந்துவிடும். அதே பெயரில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு டேக் இருந்தால்? சாதாரண ஃபெட்ச் அதைத் தொடாது. தொடவில்லை என்று சொல்லவும் சொல்லாது.

நான் விழுந்த பள்ளம் இதுதான். சில வருஷத்துக்கு முன் ஓர் உண்மை அறியும் குழுவின் அறிக்கையை ஏழு பேர் சேர்ந்து எழுதினோம். மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர், மின்னஞ்சலில் கோப்பை அனுப்பி அனுப்பிக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று கிட் களஞ்சியம் ஒன்று போட்டுக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் 'இறுதி' என்று டேக் வைத்தோம். அது என் கணினிக்கும் வந்தது. புதன்கிழமை சாட்சி சொன்ன பெண் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுத் தன் பெயரும் தெருவும் அறிக்கையில் வர வேண்டாம் என்றார். வியாழக்கிழமை நண்பர் அந்தப் பத்தியைத் திருத்தி, பொதுக் களஞ்சியத்தில் 'இறுதி' டேக்கைப் பிடுங்கிப் புது நிலையில் வைத்தார். எனக்கும் தகவல் சொன்னார். நான் ஃபெட்ச் பண்ணினேன். கிளை வந்தது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. 'இறுதி'யை எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். என் 'இறுதி' இன்னும் செவ்வாய்க்கிழமையில்தான் நின்றுகொண்டிருந்தது.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. தட்டு ஏற்றவில்லை, தப்பித்தோம். நான் தப்பித்தேன் என்று சொல்வது தவறு. தப்பித்தது அந்தப் பெண். அன்று ராத்திரி நண்பர் எனக்கு உட்கார்ந்து விளக்கினார்: "உங்க 'இறுதி' வேற, என் 'இறுதி' வேற. பேரு ஒண்ணா இருந்தா பொருளும் ஒண்ணா இருக்கும்னு நீங்க நினைச்சீங்க." தமிழ் எம்.ஏ. வகுப்பில் குறிப்பான், குறிப்பீடு என்று பக்கம் பக்கமாகப் படித்தவனுக்கு இதை ஒரு நிரலாளர் சொல்ல வேண்டியிருந்தது.

6

டேக் மட்டும் ஏன் இப்படி? பதிப்புப் பெயர் என்பது எல்லோருக்கும் பொதுவானது, அதனால் ஊர்ப்பெயர் வேண்டியதில்லை என்ற நினைப்புத்தான். 'லினக்ஸ் 2.6.12' என்றால் உலகத்துக்கே ஒன்றுதான் இருக்க வேண்டும். நியாயம்தான். ஆனால் பொதுவானது என்று சொல்லிக்கொள்ளும் எந்தப் பெயருக்குப் பின்னாலும் அதை வைத்த ஒரு கை இருக்கிறது. கிளையில் அந்தக் கை தெரிகிறது, டேக்கில் மறைந்துபோகிறது. மெர்க்குரியல் இந்த விஷயத்தில் வேறு பாதை எடுத்தது. அதில் டேக்குகள் களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதப்படும். டேக் வைத்ததும் மாற்றியதும் வரலாற்றின் பகுதியாகவே பதிவாகும். கிட்டில் அந்தத் தடம் இல்லை. டேக் நேற்று எங்கே நின்றது என்று களஞ்சியம் எதிர்காலத்துக்குச் சொல்லி வைப்பதில்லை.

இதன் ஆபத்தை உணர வைத்த சம்பவங்கள் உண்டு. 2011 ஆகஸ்டில் லினக்ஸின் தலைமை வாசலான கெர்னல்.ஆர்க் சர்வர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டது தெரியவந்தது. மையம் மட்டும் வைத்திருந்த பழைய ஏற்பாடாக இருந்தால் பேரிடர். இங்கே நிரலின் வரலாறு ஏற்கெனவே ஆயிரக்கணக்கான கைகளில் இருந்தது. யாராவது பழைய வரி ஒன்றை மாற்றியிருந்தால் நாற்பது இலக்கம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். டோர்வால்ட்ஸ் செப்டம்பரில் கிட்ஹப்பில் ஒரு களஞ்சியம் திறந்து வேலையைத் தொடர்ந்தார். எடுத்துச் சென்றவர்கள் எல்லோருமே காப்பாளர்கள் என்பது வெறும் பேச்சில்லை என்று அன்று நிரூபணமானது.

ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சியது. இந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள் என்று ஒருவர் கேட்கிறார்; கேட்பவர் அவர்தானா? 2012 ஜனவரியில் வந்த கிட் 1.7.9 இதற்கு டேக்கையே கருவியாக்கியது. அனுப்புகிறவர் தன் ரகசியச் சாவியால் கையெழுத்திட்ட டேக்கை வைப்பார். எடுத்து இணைக்கும்போது அந்தக் கையெழுத்து இணைப்புக் கமிட்டுக்குள்ளேயே பதிந்துவிடும். மறைந்திருந்த கையை வெளியே கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் நிறுத்தும் வழி இது. 2018 டிசம்பரில் வந்த 2.20 பதிப்பில் இன்னொரு திருத்தம். அதுவரை டேக்குகளை வெளிப்படையாகக் கேட்டு ஃபெட்ச் செய்தால் நம் பழைய டேக்கின்மேல் புதியது சத்தமில்லாமல் ஏறிவிடும். அதற்குப் பின், வலுக்கட்டாயமாக என்று நாம் சொன்னாலொழிய ஏறாது. மறுத்துவிட்டேன் என்று தகவலும் சொல்லும்.

இவ்வளவுக்குப் பிறகும் 2025 மார்ச்சில் என்ன நடந்தது? டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்ற பெயரில் கிட்ஹப்பில் ஒரு சிறு உதவிக் கருவி. 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் தங்கள் தானியங்கி வேலைகளில் அதைப் பயன்படுத்தி வந்தன. அதற்குள் புகுந்தவர்கள் அதன் பதிப்பு டேக்குகளை ஏறக்குறைய மொத்தமாகப் பிடுங்கி, தங்கள் நச்சுக் கமிட் ஒன்றின்மேல் தொங்கவிட்டார்கள். டேக் பெயரைச் சொல்லி எடுத்தவர்களுக்குப் பெயர் அதேதான் வந்தது, சரக்கு வேறு. கடவுச்சொற்களும் சாவிகளும் வேலைப் பதிவேடுகளில் அப்படியே அச்சாகின. பெயரை நம்பாமல் முன்பே சரிபார்த்த நாற்பது இலக்கத்தைக் குறித்து வைத்து எடுத்தவர்கள் தப்பித்தார்கள்.

பெயர் பிரச்சினை கிளையையும் விடவில்லை. முதல் கிளைக்கு 'மாஸ்டர்' என்றுதான் கிட் பெயர் வைத்துவந்தது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு எழுந்த கிளர்ச்சியில் அந்தச் சொல்லில் உள்ள ஆண்டான் வாடை கேள்விக்கு உள்ளானது. ஜூலையில் வந்த கிட் 2.28 அந்தப் பெயரை அவரவர் தேர்ந்துகொள்ள வழி வைத்தது. அக்டோபர் முதல் கிட்ஹப் புதுக் களஞ்சியங்களுக்கு 'மெயின்' என்றது. சொல்லை மாற்றினால் நிறவெறி ஒழிந்துவிடுமா என்று கேலி செய்தார்கள். ஒழியாதுதான். ஆனால் பறிபோன மரியாதையைச் சொல்லிலிருந்தும் மீட்க வேண்டும் என்பது நம் அரசியல் வரலாறு அறிந்த சங்கதி. இதில் ஃபெட்சின் குணமும் ஒன்று தெரிந்தது. அந்தப் பக்கம் கிளையின் பெயரை மாற்றிவிட்டாலும், இந்தப் பக்கம் எடுத்து வைத்திருந்த பழைய பெயர் தானாகப் போகாது. துடைக்கச் சொன்னால்தான் போகும்.

7

கிட் மையத்தை ஒழித்துவிட்டதா? தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு மையமற்ற அமைப்பு என்ற சொல்லே ஒரு போதை. கருவியின் அளவில் பதில், ஆம். என் கணினியில் இருக்கும் லினக்ஸ் களஞ்சியத்துக்கும் டோர்வால்ட்ஸ் கணினியில் இருப்பதற்கும் கிட் வேறுபாடு பார்ப்பதில்லை. நடைமுறையில்? உலகம் லினக்ஸ் என்று சொல்வது டோர்வால்ட்ஸ் வைத்திருப்பதைத்தான். அவர் களஞ்சியத்தில் மற்றவர்கள் எழுதுவதில்லை. அவர்தான் பிறரிடமிருந்து எடுக்கிறார். பழைய ஏற்பாட்டில் அதிகாரம் எழுதும் அனுமதியில் இருந்தது. புதியதில் யாரிடமிருந்து எடுப்பது என்ற தேர்வுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. இடம்பெயர்ந்ததில் லாபம் உண்டு. வாசலில் நின்றவரும் இப்போது முழு வீட்டையும் கையில் வைத்திருக்கிறார். வேறொரு ஊரில் போய்க் கட்டிக்கொள்ளலாம்.

2008-இல் கிட்ஹப் வந்தது. ஆளாளுக்குக் களஞ்சியம் வைத்துக்கொள்ளும் கருவியை வைத்தே எல்லோருடைய களஞ்சியத்தையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கியது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் அந்த வீட்டை 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2019 ஜூலையில் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளின் பேரில் ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் இருந்த நிரலாளர்கள் தங்கள் தனிக் களஞ்சியங்களுக்குள் போக முடியாமல் தவித்தார்கள். ஈரானியர்களுக்கு 2021 ஜனவரியில்தான் அமெரிக்க அரசின் அனுமதியோடு கதவு திறந்தது. தன் கணினியில் முழுப் பிரதி வைத்திருந்தவர் வரலாற்றை இழக்கவில்லை. அவர் இழந்தது சந்திப்பதற்கான இடத்தை. கருவி மையத்தைக் கலைத்தது. சோம்பலும் வசதியும் முதலும் சேர்ந்து அதைத் திரும்பக் கட்டின.

ஆகவே கருவியை நம்பி உட்கார முடியாது என்பது சரி. ஆனால் கருவியால் ஆகாது என்று ஒதுக்குவதும் தவறு. நம் இயக்கங்களின் அறிக்கைகள், வழக்கு ஆவணங்கள், சாட்சியங்கள், பழைய இதழ்களின் ஸ்கேன்கள் எல்லாம் இன்று யாரோ ஒருவருடைய மடிக்கணினியில் அல்லது யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் கிடக்கின்றன. அவர் செத்தாலோ, கோபித்துக்கொண்டு போனாலோ, நிறுவனம் கதவைச் சாத்தினாலோ அதோடு முடிந்தது. ஏழு பேர் ஏழு ஊரில் முழு வரலாற்றோடு ஒரு பிரதி வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்வதற்குப் பெரிய பணம் தேவையில்லை. கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பெயர்கள் வர வேண்டாம் என்று சொன்னவர்களின் பெயர்கள் பழைய கமிட்டுகளில் அப்படியே இருக்கும் என்பதையும் அந்த ஞாயிற்றுக்கிழமையே பேசிக்கொள்ள வேண்டும். எல்லோரிடமும் வரலாறு இருப்பது சில நேரம் சிலருக்கு ஆபத்து. எதைப் பதியக் கூடாது என்பதை முதல் கமிட்டுக்கு முன்னால் முடிவு செய்துவிட வேண்டும்.

எங்கள் குழுவில் இப்போது யாரும் வெறுமனே 'இறுதி' என்று டேக் வைப்பதில்லை. வைத்தவர் பெயரும் தேதியும் டேக்கிலேயே இருக்கும். வைத்ததை யாரும் நகர்த்துவதில்லை. திருத்தம் வந்தால் புது டேக். அச்சுக்கு அனுப்புமுன் இரண்டு பேர் தொலைபேசியில் அந்த நாற்பது இலக்கத்தைப் படித்து ஒப்பிட்டுக்கொள்கிறோம். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். போன மாதம் அடுத்த அறிக்கைக்கு அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது முப்பத்திரண்டாவது எழுத்தில் நண்பர் என்னை நிறுத்தினார். நான்தான் தப்பாகப் படித்திருந்தேன். முதலிலிருந்து திரும்பவும் படித்தோம்.